ஆல்கோக்கள் விடைபெற்ற ஆண்டுகள்

டீசல் என்ஜின்களைப் பராமரிக்கும் ஒரு டீசல் ஷெட்டில் வேலை செய்கிறவர்களிடம் புதிய என்ஜின் வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. எந்த ரகம், எத்தனை, எங்கே தயாரிப்பது என்பதெல்லாம் ரயில்வே வாரியத்தில் முடிவாகும். பிறகு, எந்தெந்த எண்ணுள்ள என்ஜின்கள் எங்கள் பொறுப்பில் வருகின்றன என்று ஒரு கடிதம் வரும். சில மாதங்களில் வாரணாசித் தொழிற்சாலையிலிருந்து என்ஜினும் வந்து நிற்கும். புதியது வந்த பின்னும் பழையது பல ஆண்டுகள் அதே பிட்டுக்கு, அதாவது அடியில் நின்று பழுதுபார்க்கும் பள்ளத்துக்கு, வந்துகொண்டேதான் இருக்கும் என்பதைப் பற்றி அந்தக் கடிதம் எதுவும் பேசாது. தெற்கு ரயில்வேயின் ஒரு ஷெட்டில் பராமரிப்புப் பிரிவில் இருந்த எனக்கு, பணிக்காலத்தின் பெரும்பகுதி அந்த இடைக்காலத்தைச் சமாளிப்பதிலேயே கழிந்தது.

நான் சேர்ந்தபோது எங்கள் பக்கத்து விரைவு வண்டிகளை இழுத்தவை டபிள்யூ.டி.எம்.-2 என்ஜின்கள். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்து வடிவமைப்பு என்பதால் ஷெட்டில் எல்லோருக்கும் அது ‘ஆல்கோ’தான். 1962-ல் முதல் என்ஜின்கள் கப்பலில் வந்திறங்கின; 1964-ல் வாரணாசி டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் அவற்றை இங்கேயே செய்யத் தொடங்கியது. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், மணிக்கு 120 கி.மீ. வேகம். ஆல்கோ நிறுவனம் 1969-லேயே என்ஜின் தயாரிப்பைக் கைவிட்டுவிட்டது. ஆனாலும் அதன் வடிவமைப்பு வாரணாசியில் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்து, 3100, 3300 குதிரைத்திறன் கொண்ட வாரிசுகளையும் பெற்றது. தயாரித்த நிறுவனமே இல்லாமல் போன பிறகும் ஓர் என்ஜின் இவ்வளவு காலம் ஓடியதற்கு, அதன் உதிரிப்பாகங்கள் உள்நாட்டிலேயே தடையின்றிக் கிடைத்ததைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் 1995-ல் போடப்பட்ட தொழில்நுட்ப ஒப்பந்தத்தின் வழியே வந்தவை அடுத்த தலைமுறை. அவற்றுள் பயணிகள் வண்டிக்கானது டபிள்யூ.டி.பி.-4, 2001 முதல் வந்தது, 4000 குதிரைத்திறன், 160 கி.மீ. வேகம். காகிதத்தில் பார்த்தால் தயங்குவதற்கே இடமில்லாத முன்னேற்றம். தயக்கம் எங்கள் மூத்த ஃபிட்டர்களின் கைகளில் இருந்தது. ஆல்கோவில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக ஒரு எரிபொருள் பம்பும், அதிலிருந்து, எரிபொருளைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் உயரழுத்தக் குழாயும் உண்டு. என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது அந்தக் குழாயை இரண்டு விரல்களால் லேசாகப் பிடித்தால் ஒவ்வோர் அடியும் நாடியைப் போலத் தெரியும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். புதிய என்ஜினில் பம்பும் இன்ஜெக்டரும் ஒரே பாகமாகச் சிலிண்டர் ஹெட்டுக்குள் போய்விட்டன. தொட்டுப் பார்க்கக் குழாயே இல்லை. “சார், அதுல கையை வெச்சா அதுவே சொல்லிடும், இதுல ஸ்கிரீன் சொல்றதைத்தான் நாம கேக்கணும்” என்றார் ஒரு ஃபிட்டர். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறிப்புகள், வழியில் என்ன நடந்தது என்பதை எந்தக் காதும் கையும் சொல்ல முடியாத அளவுக்குத் துல்லியமாகச் சொல்லின. ஆனால் அவரைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த திறமைக்கு அங்கே வேலை இல்லாமல் போனதும் உண்மை. அந்த இழப்பு எந்த வாங்கும் மதிப்பீட்டிலும் ஒரு வரியாகக்கூட இடம்பெற்றதில்லை.

வேலை எளிதானது என்பதையும் சொல்ல வேண்டும். ஆல்கோவில் ஒரு பிஸ்டனை மாற்ற, ஹெட்டைத் தனியே, பிஸ்டனைத் தனியே, லைனரைத் தனியே இறக்க வேண்டும். புதியதில் இவையனைத்தும் ‘பவர் அசெம்பிளி’ என்று ஒரே தொகுதியாகக் கிரேனில் வெளியே வரும். வேறொன்றை உள்ளே இறக்கிவிட்டுப் பழையதைச் சாவகாசமாகப் பிரித்துக்கொள்ளலாம். சக்கரங்களைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டார்கள் மூன்று பேஸ் ஏ.சி. ஆனதால், தேய்ந்துகொண்டே இருக்கும் கார்பன் பிரஷ்ஷும் அது உரசும் கம்யூடேட்டரும் ஒழிந்தன. ஆல்கோவின் பிரஷ்களை அளந்து அளந்து கரித்தூளில் கறுத்துப் போனவர்கள் அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

ஆனாலும் முதலில் வந்த புதிய என்ஜின் முழுமையானதாக இல்லை. டபிள்யூ.டி.பி.-4-க்கு ஆறு அச்சுகள் இருந்தும் நான்கில் மட்டுமே மோட்டார். வேகம் பிடித்தபின் குறை சொல்ல முடியாது; 24 பெட்டிகளை நிலையத்திலிருந்து, அதுவும் மழையில், கிளப்பும்போது சக்கரம் வழுக்கும். கேபினும் ஒரு முனையில்தான். நீளமான மூக்கு, அதாவது என்ஜினின் நீண்ட உடல், கேபினுக்கு முன்னால் இருக்கும்படி வண்டி ஓட்ட நேர்ந்தால் லோகோ பைலட்டுக்கு சிக்னல் பார்ப்பதே பெரும்பாடு. பிறகு ஆறு அச்சிலும் மோட்டாரும் 4500 குதிரைத்திறனும் கொண்ட டபிள்யூ.டி.பி.-4பி-யும், அதன்பின் இரு முனையிலும் கேபின் உள்ள 4டி-யும் வந்தபோது, இவற்றையெல்லாம் முதல் வரிசையை வாங்கும்போதே ஓட்டுநர்களிடமும் ஷெட்டுகளிடமும் கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

இதற்கிடையே ஆல்கோக்கள் படிப்படியாக இறங்கின. முதலில் விரைவு வண்டிகளிலிருந்து பாசஞ்சர் வண்டிகளுக்கு, பிறகு நிலையத்துக்குள் பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் ஷண்டிங்குக்கு, கடைசியாக ஜல்லி வண்டிகளுக்கு. ஒரு டீசல் என்ஜினின் விதிப்படியான ஆயுள் 36 ஆண்டுகள். ஆனால் நான் பார்த்தவரை அதன் முடிவு விதியில் தொடங்குவதில்லை, ஸ்டோர்ஸில் தொடங்குகிறது. இந்த ரகம் இனி அதிக நாள் இல்லை என்ற பேச்சு பரவியதும் கொள்முதல் அளவு குறையும். அளவு குறைந்ததும் சிறு சப்ளையர்கள் டெண்டரில் கலந்துகொள்வதை நிறுத்துவார்கள். ஒரு சாதாரண கேஸ்கெட்டுக்காக நல்ல என்ஜின் பிட்டில் நாள்கணக்கில் நிற்கும். அப்புறம் நின்றுபோன ஒன்றிலிருந்து கழற்றி ஓடுகிற மற்றொன்றில் மாட்டுவோம். இப்படிக் கழற்றக் கழற்ற, நிற்பது மீண்டும் எழ முடியாத நிலைக்குப் போகும். அதைக் காட்டியே, பழைய ரகம் நம்பத் தகுந்ததல்ல என்று ஒரு அறிக்கையும் எழுதப்படும். பழையவற்றை ஒதுக்கியதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒதுக்கும் தேதியை முன்கூட்டி அறிவித்து, அதுவரைக்குமான உதிரிப்பாகங்களை ஒரே தடவையில் வாங்கி வைத்திருந்தால் பாதித் தொல்லை மிச்சமாகியிருக்கும்.

கண்டெம் செய்வது, அதாவது இனி ஓடத் தகுதியில்லை என்று கழிப்பது, பெரும்பாலும் காகித வேலை. குழு பார்வையிட்டு, நிலைமையைப் பதிந்து, மேலிடத்து ஒப்புதல் வந்தபின் பயன்படும் பாகங்கள் இறக்கப்படும். மிச்சம் ஏலத்துக்குப் போகும். எடுத்தவரின் ஆள்கள் கேஸ் கட்டருடன் வருவார்கள்.

டீசலுக்குள் நடந்த இந்த மாற்றம் முடிவதற்குள்ளேயே டீசலின் காலமே முடியத் தொடங்கியது. அகலப்பாதை முழுவதும் மின்மயம் என்று ஆனதும், விழுப்புரம் போல மின்கம்பி முடிந்து டீசலுக்கு மாறிய ஊர்களில் என்ஜின் மாற்றும் வேலை இல்லாமல் போனது. 6350 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.ஏ.பி.-7, வண்டியை இழுப்பதோடு பெட்டிகளின் விளக்குக்கும் ஏ.சி.க்கும் மின்சாரம் கொடுப்பதால், எல்.எச்.பி. என்ற புதிய ரகப் பெட்டிகள் கொண்ட வண்டிகளில் இரைந்துகொண்டு வந்த ஜெனரேட்டர் கார்களுக்கும் ஓய்வு கிடைத்தது. வாரணாசித் தொழிற்சாலையும் மின் என்ஜின்களுக்கு மாறி, 2020-ல் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று பெயர் பெற்றது. டீசல் ஷெட்டுகள் மின் என்ஜின்களையும் ஏற்கத் தொடங்கின. பல வேலைகள் நடப்பது இப்போது என்ஜினின் கூரைமேல். மேலே 25,000 வோல்ட் கம்பி. சப்ளையை நிறுத்தி, எர்த் செய்து, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஏணியில் கால் வைக்கக்கூடாது. கிரேன் ஓடுகிற பகுதிக்குள் மின்கம்பி இழுக்க முடியாது என்பதால் எந்த வேலையை எந்த லைனில் செய்வது என்பதையே புதிதாக வகுக்க வேண்டியிருந்தது. என்ஜின் ஓடும்போதே பக்கக் கதவைத் திறந்து பார்த்துப் பழகிய டீசல்காரர்களுக்கு இந்த ஒழுங்கு கைவர நாளானது.

ஆயுள் மிச்சமிருந்தும் இங்கே வேலை இழந்த டீசல்களில் சில வேறு நாட்டுக்குப் போயின. 2020 ஜூலையில் 10 அகலப்பாதை என்ஜின்கள் வங்கதேசத்துக்குக் கொடுக்கப்பட்டன. 2023-ல் மேலும் 20. முதலில் போனவை 3300 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்.-3டி, அதாவது ஆல்கோவின் வாரிசுகள். கட்டருக்கு இரையாவதைவிட இது எவ்வளவோ மேல். அங்கேயுள்ள ஷெட்டில் என் இடத்தில் இருப்பவருக்கு, என்ஜின்களோடு குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கான பிஸ்டன் ரிங்கும் கேஸ்கெட்டும், குழாயைத் தொட்டு நோய் சொல்லும் ஒரு ஃபிட்டரின் சில மாதப் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று, என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.