ஒற்றை சிகரெட்டும் ஒரு புதினா மிட்டாயும்

பையன் சிகரெட் பிடிக்கிறான் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் கேட்பது, "எவன்டா பழக்கிவிட்டது?" அதைவிட, எத்தனை மணிக்கு, எந்தக் கடையில், யார் காசில் என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்.

பள்ளி விட்டு டியூஷன் தொடங்கும்வரை ஒரு மணி நேரம் யாரும் தேடமாட்டார்கள். பெட்டிக்கடையில் லைட்டர் கயிற்றில் தொங்குகிறது. சிகரெட் ஒற்றையாகக் கிடைக்கும், வாடை போக ஒரு புதினா மிட்டாய். பாக்கெட் வாங்கக் காசு பத்தாது, ஒன்றுக்குப் பத்தும். ஒற்றையாக வாங்குவதால் பாக்கெட்டில் 85 சதவீதம் அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படமும் கண்ணில் படாது. முதல் இழுப்பில் இருமலும் தலைசுற்றலும்தான். ஆனாலும் நண்பன் நீட்டும்போது மறுக்க வாய் வராது. இழுத்த 10, 20 நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். வளரும் மூளை சீக்கிரம் பழகிக்கொள்ளும். தினமும் பிடிக்காதவனுக்கே ஏக்கம் தொடங்கிவிடலாம். அதனால் "எப்பவாவதுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

2019இல் இந்தியப் பள்ளிகளில் எடுத்த கணக்கெடுப்பில், சிகரெட் பிடித்த 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 38 சதவீதம் பேர் 10 வயதுக்கு முன்பே தொட்டிருந்தார்கள். ப்ளஸ் டூவில் பேசுவது ரொம்பத் தாமதம். ஐந்தாம் வகுப்பிலேயே பேசுங்கள்.

ஐம்பது வயதில் வரும் புற்றுநோயைச் சொன்னால் பதினான்கு வயதுக்கு உறைக்காது. கபடியில் ரெய்டு போகும்போது மூச்சு வாங்கும் என்றால் உறைக்கும். மறுக்கும் வார்த்தையையும் வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்: "வேணாம் மச்சி, கோச் மோந்து பார்த்துடுவார்." சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் நகர வேண்டும். அப்பா புகைப்பவராக இருந்தால், "தம்பி, ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா" என்று அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். கடைக்காரர் கேள்வி கேட்காமல் கொடுக்கும் வழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது 300 அடிக்குள், புகையிலை விற்கக் கூடாது. பலர் வாசல் கேட்டிலிருந்து அளக்கிறார்கள். சுற்றுச்சுவரின் வெளிப்புறத்திலிருந்து அளக்க வேண்டும். பின்சுவரை ஒட்டிய கடை இந்தத் தவறில்தான் தப்பிக்கிறது. 2003ஆம் ஆண்டு புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இதற்கு அபராதம் வெறும் 200 ரூபாய் வரைதான். சிறார் நீதிச் சட்டம் 2015இன் 77ஆம் பிரிவிலோ, 18 வயதுக்குக் கீழுள்ளவருக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. எழுத்துமூலம் புகார் கொடுக்கும்போது இந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கள்.

ஏற்கெனவே பழகியிருந்தால் அடிக்காதீர்கள். அடித்தால் ஒளிக்கக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேளுங்கள். அரை மணிக்குள் என்றால் பிடி இறுகிவிட்டது, மருத்துவரிடம் போங்கள். நிகோடின் சூயிங்கத்தை அவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். நிறுத்திய முதல் மூன்று நாள்தான் கடுமை: எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பாடத்தில் மனசு நிற்காது. ஒவ்வொரு ஏக்கமும் சில நிமிடங்களில் அடங்கும். அதுவரை தண்ணீர் குடிக்கலாம், நடக்கலாம். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கிடைக்கும். திரும்பவும் ஒன்று பிடித்துவிட்டால் எந்த இடத்தில் என்று கேட்டு, டியூஷனுக்குப் போகும் தெருவை மாற்றுங்கள்.