வெருட்டு என்ற சொல்லுக்கு ஆங்கிலம்

2007 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், லண்டனில் என்னுடைய அகதித் தஞ்சக் கோரிக்கை தொடர்பான நேர்முக விசாரணையில், ஊரை விட்டு ஏன் வெளியேறினீர்கள் என்று அதிகாரி கேட்டபோது, “இரவிலை வீட்டை வந்து வெருட்டினவை” என்று பதில் சொன்னேன். மொழிபெயர்க்க வந்திருந்தவர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் யாழ்ப்பாணத்து வெருட்டு அவருடைய காதில் விரட்டு என்று விழுந்துவிட்டது. எவ்வளவு தூரம் துரத்தினார்கள் என்பது அதிகாரியின் அடுத்த கேள்வி. ஒருவரும் துரத்தவில்லை என்றேன். சற்று முன்னர் சொன்னதை நானே மறுக்கிறேன் என்று அது பதிவாகியது.

சில வாரங்களின் பின்னர் பதிவின் பிரதியைச் சட்டத்தரணியுடன் இருந்து வாசித்தபோதுதான் நடந்தது விளங்கியது. நீங்கள் சொல்ல வந்தது ‘திரெட்டன்’, அதாவது அச்சுறுத்துவது, என்ற சொல்லாக இருக்கவேண்டும் என்று அவர் சொன்னார். அப்படியானால் அவர்கள் என்ன சொன்னார்கள், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்றார்கள், ஆயுதம் வைத்திருந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அகதிகள் தொடர்பான 1951 ஆம் ஆண்டின் சமவாயம் அகதி என்பதற்குக் கொடுக்கும் வரைவிலக்கணத்தின் நடுவில் இருப்பது, நன்கு அடிப்படையுள்ள அச்சம் என்ற தொடர். அச்சப்படுவது போதாது, அந்த அச்சத்துக்கு அடிப்படை இருக்கவேண்டும், அதைச் சொல்லில் காட்டவும் வேண்டும். எங்கள் ஊரில் ‘வெருட்டினவை’ என்று ஒருவர் சொன்னால், சொல்பவரின் முகத்தைப் பார்த்தே மற்றவர்கள் மிச்சத்தை அறிந்துகொள்வார்கள். கதவுக்குப் பின்னால் ஒளித்துநின்று தங்கச்சியை வெருட்டுவதும் வெருட்டுத்தான், நள்ளிரவில் துவக்குடன் வந்து சொல்லிவிட்டுப் போவதும் வெருட்டுத்தான்.

அந்தப் பாடத்தை நான் அளவுக்கு மிஞ்சிக் கற்றுக்கொண்டேன் போலும். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன். ஒக்டோபர் 31 ஆம் திகதி, ஹலோவீன் இரவு, கூட வேலைசெய்த பையன் ஒருவன் முகமூடி அணிந்து பெட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து பாய்ந்து என்னை வெருட்டினான். சிரிப்பு அடங்காமலே மேற்பார்வையாளரிடம் போய், அவன் என்னைத் ‘திரெட்டன்’ பண்ணினான் என்று சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது. அரை மணித்தியாலத்துக்குள் இருவரும் ஒரு சிறிய அறையில் இருந்தோம். பையனுக்குப் பேச்சு வரவில்லை. அந்த நாட்டின் 1986 ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தில் குற்றத்தைக் குறிக்கும் சொற்களில் ஒன்றுதான் நான் விளையாட்டாகச் சொன்ன அந்தச் சொல் என்பது எனக்கு அப்போது தெரியாது. ‘ஸ்கெயர்’ என்று சொல்லியிருக்கவேண்டும். முதலில் சொல்லு குறைந்துபோயிற்று, பிறகு கூடிப்போயிற்று.

அதன் பின்னர்தான் நூலகத்தில் நடந்த மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பயம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னார். தமிழில் எனக்கும் பயமாக இருக்கும், இருட்டும் பயமாக இருக்கும். ஆங்கிலத்தில் பயப்படுபவர் ‘ஸ்கேர்ட்’, பயப்படுத்துவது ‘ஸ்கேரி’. பல் வைத்தியரின் கதிரையில் படுத்துக்கொண்டு நான் என்னையே ‘ஸ்கேரி’ என்று சொன்னதும், அவர் ஏன் அப்படிச் சிரித்தார் என்பதும் அன்றைக்கே விளங்கின.

‘ஒமினஸ்’ என்பதை நான் உடனே பிடித்துக்கொண்டேன், ஏனென்றால் அது சகுனத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் பல்லி சொல்லிவிட்டது. தீய நோக்கைக் குறிக்கும் ‘சினிஸ்டர்’ என்பதற்கு லத்தீனில் இடது என்று பொருள். இடக்கையால் கொடுத்தால் வாங்காத எங்கள் மாமிமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘மெனசிங்’ பல்லைக் காட்டும் நாய்க்குப் பொருந்தும். ‘ஈரி’ என்பதில் ஆளும் இல்லை, நாயும் இல்லை: மம்மல் பொழுதில் பனங்கூடலுக்குள் காவோலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். ‘இன்டிமிடேட்டிங்’ என்பதற்கு எதிரில் இருப்பவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. அந்த விசாரணை அறையும், மேசையும், அதிகாரியின் அமைதியான குரலும்கூட அதற்குள் அடங்கும். ‘டெரிபிக்’ மட்டும் என்னைத் தடுமாற வைத்தது. நடுங்கச் செய்வது என்ற பொருளில் தொடங்கி, மிக நன்று என்ற பொருளுக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. படம் பயங்கரம் என்று பையன்கள் பாராட்டுவதை நினைத்தால் இதில் வியப்பில்லை; இலங்கையின் 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல்லை முதலில் கேட்டு வளர்ந்த எனக்குத்தான் அந்தப் பாராட்டு இன்றும் வாயில் வருவதில்லை.

அச்சத்துக்குத் தொல்காப்பியம் நான்கு காரணங்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கியது. ‘ஈரி’யை அணங்கின் பக்கத்திலும், ‘மெனசிங்’கை விலங்கின் பக்கத்திலும், ‘சினிஸ்ட’ரைக் கள்வரின் பக்கத்திலும் என் கொப்பியில் எழுதிவைத்தேன். நான்காவதுக்குத் தனியாக ஒரு சொல் தேடவேண்டியிருக்கவில்லை. சொந்த ஆட்சியாளருக்கு அஞ்சுவது என்ற அந்த ஒன்றைத்தானே அன்று அந்த மேசையில் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

போன ஆண்டு மகனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் நாங்கள் 1990 இல் விட்டு வெளியேறிய வீட்டுக்குக் கூரை இல்லை. குசினிச் சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் ஒன்று நின்றது. லண்டனில் பிறந்த பிள்ளை வாசலில் நின்று, “ஸ்பூக்கி, அப்பா” என்றான். ஹலோவீன் முகமூடிக்குச் சொல்கிற சொல்லு அது, இந்த வீட்டுக்கு அது சரிவராது என்று திருத்த வாயெடுத்தேன். எதைச் சொல்லித் திருத்துவது என்று தெரியாமல் ‘ஈரி’க்கும் ‘ஒமினஸ்’ஸுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது, பின்னால் வந்த மாமி குரல் கொடுத்தார்.

“தம்பி, பிள்ளையை உள்ளுக்கை விடாதை. புடையன் பாம்பு கிடக்கும்.”