முக்கடல் அணையும் விந்தோக் நகரமும்

கோடை தொடங்கிவிட்டால் நாகர்கோவில்காரர்கள் செய்தித்தாளில் அணைகளின் நீர்மட்டப் பட்டியலைத் தேடிப் பார்ப்பது வழக்கம். பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி என்பது முழு மட்டம். அந்தத் தண்ணீரைப் பெரிதும் நம்பியிருப்பவை கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக நெல் வயல்கள். நகரத்தின் குடிநீருக்கோ நெடுங்காலமாக 25 அடி முக்கடல் அணைதான் ஆதாரம். மழை பொய்த்த ஆண்டுகளில் அதன் மட்டம் பூச்சியத்தைத் தாண்டி 'மைனஸ்' அடிகளில் அச்சாகும். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள்களின் இடைவெளியும் நீண்டுகொண்டே போகும். அப்போது பெருஞ்சாணித் தண்ணீரை அனந்தனார் கால்வாய் வழியே கொண்டுவந்து சமாளித்ததும் உண்டு.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அதே காலத்தில் ஆப்பிரிக்காவின் தென்மேற்கில், நமீபியாவின் தலைநகரான விந்தோக்கும் பல ஆண்டு வறட்சியின் உச்சத்தில் இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நாகர்கோவிலில் சுமார் 2.25 லட்சம் பேர், விந்தோக்கில் சுமார் 3.25 லட்சம் பேர். ஆனால் அங்கே ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 360 மில்லிமீட்டர்தான்; வெயிலில் ஆவியாகக்கூடிய அளவு அதைப்போலப் பல மடங்கு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் நாட்டின் எல்லைகளில் மட்டுமே இருக்கின்றன. ஒக்கவாங்கோ ஆற்றிலிருந்து குழாய் போடுவதென்றால் ஏறத்தாழ 700 கிலோமீட்டர் போட வேண்டும். அப்படிப்பட்ட ஊர் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதை நம் மாவட்டத்தில் நீர் மேலாண்மை பற்றிப் பேசுகிற எல்லோரும் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்நகருக்கு நீர் தரும் மூன்று அணைகளும் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆறுகளில் கட்டப்பட்டவை. அவற்றில் ஒமடாகோ ஆழம் குறைந்து பரந்து கிடப்பதால், அங்கே சேரும் நீரை வெயிலுக்கு விட்டுவிடாமல், ஆழமான வான் பாக் அணைக்கு இறைத்து மாற்றுகிறார்கள். அடுத்த வேலை மண்ணுக்கு அடியில் நடக்கிறது. அணைகளில் நீர் மிகுந்த ஆண்டுகளில் அதைச் சுத்திகரித்து, நகரின் தெற்கே நிலத்தடி நீர் தங்கும் பாறை அடுக்குக்குள் ஆழ்துளைக் கிணறுகள் வழியாகச் செலுத்துகிறார்கள். நல்ல நாளில் வங்கியில் போட்டுவைத்து முடைக்கு எடுப்பதைப் போன்ற ஏற்பாடு இது. அணைகள் வற்றிய அந்த வறட்சியில் நகரம் கைவைத்ததும் இந்த நிலத்தடி இருப்பில்தான்.

மூன்றாவது ஏற்பாடு உலகம் அறிந்தது. வீடுகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் குடிநீராகவே வழங்கும் கோரியாங்காப் நிலையத்தை விந்தோக் 1968இலேயே தொடங்கியது. 2002இல் வந்த புதிய நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர். ஓசோன், மணல் வடிகட்டி, கரி, நுண்சவ்வு, குளோரின் என்று ஒன்று தவறினாலும் மற்றொன்று காக்கும்படி பல தடுப்புகளைக் கடந்த பிறகே அந்நீர் மற்றக் குடிநீரோடு கலக்கிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்தது, தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு சேரவிடாமல் ஆரம்பத்திலேயே தனியே பிரித்துவிட்ட முன்யோசனை. அந்தப் பிரிவினை இல்லையென்றால் எத்தனை இயந்திரம் வைத்தும் அந்தத் தண்ணீரை நம்பிக் குடித்திருக்க முடியாது.

நாகர்கோவிலில் கழிவுநீரைக் குடிநீராக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை; இரண்டு பருவமழையும் பெறுகிற நமக்கு அதற்கான தேவை இன்று இல்லை. ஆனால் ஒழுகினசேரிப் பாலத்தில் நின்று பழையாற்றைப் பார்த்தவர்களுக்கு, நகரத்துச் சாக்கடை சுசீந்திரம் வழியே மணக்குடிக் காயல் வரை போவது தெரியும். அதைச் சுத்திகரித்துத் தென்னந்தோப்புகளுக்கும் பூங்காக்களுக்கும் கொடுத்தாலே ஆறு பிழைக்கும், நல்ல தண்ணீரும் மிஞ்சும். புத்தன் அணையிலிருந்து நகருக்குக் குழாய்வழி நீர் கொண்டுவரும் திட்டம் அவசியமானதே. எனினும் அதற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்யும் அதே மழைதான் மூலம் என்பதால், மலையில் மழை குறைந்த ஆண்டில் முக்கடலும் அதுவும் ஒருசேரத் தள்ளாடக்கூடும். ஆகவே வேறு வகையான இருப்பு ஒன்று நமக்கு வேண்டும், அதற்கு ஏற்ற இடமும் நம் காலடியிலேயே இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உள்ள மாவட்டம் இது. குளம் நிறைந்தால் சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஊறும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையமும் கட்டடங்களும் எழுப்புவது, விந்தோக் பெரும் செலவில் உண்டாக்கிக்கொண்டதை நாம் நம் கையாலேயே மூடுவதாகும்.

எங்கள் தெருவில் பல வீடுகளின் மொட்டைமாடிக் குழாய், சுவரை ஒட்டி இறங்கி, முற்றத்துச் சிமென்ட் கற்களின்மேல் வந்து முடிகிறது. மழைநீர் சேகரிப்பு 2003இலேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. ஒரு வீட்டில் இதைப் பற்றிக் கேட்டபோது, "தண்ணி கெட்டி நிக்கப்பிடாதுன்னுதான் தெருவுல விட்டிருக்கோம்க்கா" என்றாள் அந்தப் பெண். அவள் வீட்டுப் பின்கட்டில் பழைய கிணறு ஒன்று சிலாப்பு போட்டு மூடிக் கிடக்கிறது. குழாயின் முனையைத் திருப்பி, மணலும் சரளையும் கரியும் நிரப்பிய ஒரு தொட்டியின் வழியே அந்தக் கிணற்றுக்குள் விட ஒரு கொத்தனாரும் சில அடிக் குழாயும் போதும். இடவப்பாதி என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் அதைச் செய்து முடிக்கலாம் என்று பேசியிருக்கிறோம்.