4294967297: ஃபெர்மாவை ஏமாற்றிய எண்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்னும் இந்த எண்ணை நான் பல ஆண்டுகளாக நேசித்து வருகிறேன். 2-ஐ 32ஆம் அடுக்குக்கு உயர்த்தி அதனுடன் 1 கூட்டினால் இது கிடைக்கும். அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து இவ்வாறே கணக்கிட்டால் 3, 5, 17, 257, 65537 வருகின்றன. ஐந்தும் பகா எண்கள். அடுக்கை இப்படி இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தாம் என்று 1640-இல் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர், இந்த ஆறாவது எண் 641 × 6700417 என்று காட்டினார்.

இந்த எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்பதை ஆய்லர் பின்னர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்வதால், ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது. அந்த விதிக்குத் தேவையான தேற்றம் ஃபெர்மாவே கண்டறிந்தது என்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு.

வகுத்துப் பார்க்காமலே இதை நிறுவும் வழி ஒன்று உண்டு. எண் கணிதத்தில் இதைவிட அழகான சில வரிகளை நான் கண்டதில்லை. 641 என்பது 5 × 128 உடன் 1 சேர்ந்தது. அதே 641, 5-இன் நான்காம் அடுக்கான 625-உம் 2-இன் நான்காம் அடுக்கான 16-உம் சேர்ந்ததும் ஆகும். 641-ஆல் வகுத்தால் எஞ்சும் மீதியை மட்டும் கருதினால், 5 × 128 என்பது −1-க்குச் சமம். 128 என்பது 2-இன் ஏழாம் அடுக்கு என்பதால், இருபுறமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தும்போது, 625-ஐ 2-இன் 28ஆம் அடுக்கால் பெருக்கிய தொகை 1-க்குச் சமமாகிறது. 625-க்குப் பதிலாக −16-ஐ இடலாம் அல்லவா? அப்படி இட்டால் 2-இன் 32ஆம் அடுக்கு −1 ஆகிவிடும். அதனுடன் 1 கூட்டினால் மீதி பூச்சியம்.

இதற்கு இரண்டு குறைவான 4294967295-ஐயும் சொல்லியாக வேண்டும். அது முன்சொன்ன ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று 1796-இல் காஸ் கண்டறிந்தார். அதன் தொடர்ச்சியாக எழுந்த கோட்பாட்டின்படி 4294967295 பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தையும் அவ்வாறே வரைய முடியும். அதைவிடக் கூடுதலான ஒற்றைப்படை எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்டு வரையக்கூடியது எதுவும் இதுவரை அறியப்படவில்லை. அடுத்த எண்ணான 4294967296, 2-இன் அடுக்கு என்பதால், சதுரத்தில் தொடங்கிக் கோணங்களை இருசமமாக்கிக்கொண்டே போய் அத்தனை பக்கங்களையும் வரைந்துவிடலாம். 4294967297 பக்கங்களுக்கு மட்டும் வழியே இல்லை. அந்தக் கோட்பாட்டின்படி, பக்க எண்ணிக்கையின் ஒற்றைப்படைப் பகாக் காரணி ஒவ்வொன்றும் 2-இன் ஏதேனும் ஓர் அடுக்கைவிட 1 கூடுதலாக இருக்க வேண்டும். 6700417 என்னும் அதன் பெரிய காரணி பகா எண்தான் என்றாலும், அதிலிருந்து 1-ஐக் கழித்தால் 2-இன் அடுக்கு வருவதில்லை.