ஜம்பியா ஏந்திய ஆட்டம்: ஏமன் மலைநாட்டின் ஆடலும் உடையும்

ஏமன் தலைநகர் சனாவிலிருந்து வடமேற்கே சற்றுத் தொலைவில் வாதி தஹ்ர் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. செங்குத்தான ஒரு பாறையின் உச்சியில் அப்போது வட ஏமனை ஆண்ட இமாம் யஹ்யா 1930களில் விரிவுபடுத்திய தார் அல்-ஹஜர் மாளிகையைப் பார்க்கத்தான் பயணிகள் பெரும்பாலும் அங்கே போவார்கள். நான் போனது, அந்தப் பள்ளத்தாக்கை நோக்கி நிற்கும் மேட்டில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்காக. போர் மூளுவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை. ஜன்னல் வழியே ஆட்கள் பாதி உடல் வெளியே தொங்க, வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். மேளக்காரர் இருவர் இறங்கி முழக்கத் தொடங்கியதுமே, யாரும் அழைக்காமல், ஆண்கள் குதிரை லாட வடிவில் அணிவகுத்து விடுவார்கள்.

அந்த ஆட்டத்துக்குப் பரா என்று பெயர். தாஸா என்னும் செம்புப் பறையை மெல்லிய இரு குச்சிகளால் தட்ட, கனத்த குரலுடைய மர்ஃபா அதற்கு அடித்தளமாக ஒலிக்கிறது, பாட்டுக் கிடையாது. அணியின் நடுவில் நிற்கும் தலைவர் அடுத்த அடவை உடலசைவாலேயே உணர்த்த, அனைவரும் ஒரே நேரத்தில் முழங்கால் மடக்கித் தாழ்ந்து, எழுந்து, சுழன்று, மீண்டும் ஒரே திசையை நோக்கி நிற்கிறார்கள். முதற்பகுதி நடைபோல் நிதானமானது. தாளம் பகுதிக்குப் பகுதி விரைவடையும்போது தேர்ச்சி குறைந்தவர்கள் தாமாகவே விலகிக்கொள்ள, கடைசியில் கைதேர்ந்த சிலர் மட்டுமே எஞ்சுகிறார்கள். குலத்துக்குக் குலம் அடவும் தாளமும் வேறுபடும் என்பதால், ஆடுகிறவர் எந்த மலையைச் சேர்ந்தவர் என்பதை விவரமறிந்தவர்கள் கால்களைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். மலைநாட்டுக் குலத்தார் இதைக் கேளிக்கை நடனமாகக் கருதுவதில்லை. பெருநாளிலும் விருந்தினரை வரவேற்கும் வேளையிலும் குலம் ஒன்றாக நிற்பதை ஊரறியக் காட்டும் செயல் இது. சுற்றுலா விளம்பரங்கள் இதைக் ‘கத்தி நடனம்’ என்று சுருக்கிவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம்.

இதற்கென்று தனி ஆட்ட உடை கிடையாது என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கணுக்காலுக்குச் சற்று மேல்வரை இறங்கும் ஸன்னா என்ற நீள அங்கி, அல்லது நம்மூர்க் கைலிபோல் இடுப்பில் சுற்றிய ஃபூத்தா. அதன்மேல் மேற்கத்தியக் கோட்டு. தலையிலோ தோளிலோ ஒரு சால்வை. கல்யாணத்துக்கு வந்த உடைதான் ஆட்டத்துக்கும். மாப்பிள்ளை மட்டும் பொன்னிற உறையிட்ட நீண்ட வாளைத் தாங்கியவாறு, தலைப்பாகையில் நறுமணத் தழைகள் செருகியபடி தனித்துத் தெரிவார்.

அனைவரின் பார்வையும் நிலைப்பது இடுப்பில்தான். ஜம்பியா என்னும் வளைந்த குத்துவாள் வயிற்றின் நடுவே நிமிர்ந்து நிற்கிறது. அதன் உறை தோல் போர்த்திய மரம்; நுனி கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருக்கும். அஸீப் எனப்படும் இந்த உறை குலத்து ஆண்களின் அடையாளம். நபி வழியினரான சையிதுகளும் நீதிபதி மரபினரான காஜிகளும் தூமா என்னும் வளைவு குறைந்த உறையிட்ட வாளை வலப்பக்கம் சாய்த்து அணிவது மரபு. ஆகவே ஒருவர் நிற்கும் தோற்றத்திலேயே அவரது சமூக இடம் தெரிந்துவிடும். அகலமான இடைக்கச்சையில் பொன்னிற ஜரிகை நூலால் நெருக்கமாகப் பூவேலை செய்திருப்பார்கள். ஆட்டத்தில் வலக்கை அந்த வாளை உருவித் தலைக்குமேல் உயர்த்தி மணிக்கட்டைச் சுழற்றுகிறது. சச்சரவில் ஜம்பியாவை உருவுவது குல வழக்கில் பெருங்குற்றமாக இருக்க, இங்கே பக்கத்திலிருப்பவரின் தோளுக்கு ஒரு சாண் தள்ளி அத்தனை வாள்களும் சுழல்கின்றன. அந்த நம்பிக்கைதான் இந்த ஆட்டத்தின் உயிர் என்பது என் கருத்து.

வாளின் மதிப்பு பிடியில் இருக்கிறது. காண்டாமிருகக் கொம்பில் செய்த பிடி, பல தலைமுறைகளாகக் கைபட்டுத் தேன்நிறமாக ஒளி ஊடுருவும் நிலையை அடையும்போது அதை ஸைஃபானி என்று போற்றுகிறார்கள். 1970களில் எண்ணெய்ப் பணம் கொழித்த சவூதிக்கு வேலைக்குப் போன ஏமானியர் கையில் காசு புரள, கொம்புக்கான தேவை பெருகி, ஆப்பிரிக்காவின் கருங்காண்டாமிருகங்களுக்குப் பேரழிவாக முடிந்தது. அப்போது தனி நாடாக இருந்த வட ஏமன் 1982-ல் இறக்குமதியைத் தடைசெய்தது. சனாவின் பழைய சந்தையில் நான் கண்ட புதிய பிடிகள் எருமைக் கொம்பாலும் மரத்தாலும் ஆனவை. அவற்றை அணிந்து ஆடியவர்களின் மிடுக்கு எந்த வகையிலும் குறையவில்லை.

பெண்ணாக இருந்ததால் இன்னொரு பக்கத்தையும் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பிற்பகலில் பெண்கள் ஒருவர் வீட்டில் கூடும் வழக்கத்துக்குத் தஃப்ரிதா என்று பெயர். வெளியே போகும்போது உடலைப் போர்த்தி, வாசலில் கழற்றி மடித்து வைக்கப்படும் சிதாரா, சிவப்பும் நீலமும் கலந்த பெரிய அச்சுத் துணி. நெடுங்காலமாக இந்தியாவிலிருந்து போனது. உள்ளே வெல்வெட்டும் பட்டும் பளபளக்கின்றன. கைகளில் கருமைச் சாயத்தால் வரைந்த கொடிகள்; தலைத்துணியில் செருகிய துளசி இனத்துத் தழையின் மணம் அறையை நிறைக்கிறது. இருவர் எழுந்து கைகோத்துக்கொண்டு ஆடுவது லுஅபா. இடுப்புக்கு மேலே ஏறக்குறைய அசைவில்லை. கால்கள் மட்டும் சிறுசிறு அடிகளாக முன்னும் பின்னும் நெய்கின்றன. ஆண்களும் தம் மாலைக் கூட்டங்களில், இரட்டைக் குழலான மிஸ்மாரின் இசைக்கு, இதை ஆடுவதுண்டு. பராவில் குலம் பேசுகிறது என்றால் லுஅபாவில் காதற்பாட்டும் தோழமையும் பேசுகின்றன. படம் எடுக்க அனுமதியில்லை. அது முற்றிலும் நியாயம்.

மணப்பெண்களின் வெள்ளி நகைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அவற்றைச் செய்தவர்களில் பெரும்பாலோர் ஏமன் யூதர்கள். 1949–50ஆம் ஆண்டுகளில் அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். சந்தைக் கடைக்காரர்கள் அவர்கள் கைவண்ணத்தை இன்றும் தனி மரியாதையோடு எடுத்துக் காட்டுகிறார்கள்.

செங்கடல் ஓரத் திஹாமாவில் வெப்பத்துக்கேற்ப உடை மெலிகிறது, ஆட்டத்தில் தாவல் மிகுகிறது. அங்குள்ள ஸரானிக் குலத்து இளைஞர்கள் நிற்கும் ஒட்டகங்களையே தாண்டிக் குதிப்பவர்கள். கிழக்கே ஹதரமவ்த்தில் பெண்களின் விழா உடை முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் தரையில் புரளுமாறும் தைக்கப்படுகிறது. வெள்ளி இடைக்கச்சையில் தொங்கும் சிறுமணிகள் ஆட்டத்துக்குத் தாளம் கொடுக்கின்றன.

அந்த ஹதரமவ்த்திலிருந்து நிஜாமின் படைக்கு வந்த அரபிகளின் வழித்தோன்றல்கள் ஐதராபாத்தின் பார்க்கஸ் பகுதியில் வாழ்கிறார்கள். அவர்களால் அந்நகரில் வேரூன்றிய முழக்கத்துக்கும் மர்ஃபா என்றே பெயர். இன்று அது மதம் கடந்து அந்நகரத்துக் கல்யாண ஊர்வலங்களில் ஒலிக்கிறது. பராவின் அடவுகளை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஏமனுக்குப் பயணம் போக இயலாத இக்காலத்தில், அந்தத் தாளத்தின் உறவுக்குரலையேனும் நேரில் கேட்க விரும்புகிறவர்களுக்கு, கல்யாண மாதங்களில் ஒரு மாலை ஐதராபாத்தின் பழைய நகரத்துக்குப் போய் வரும்படிதான் சொல்வேன்.