கூடுதல் ரயிலுக்குக் கரண்ட் எங்கே?

நெரிசல் நேரத்தில் கூடுதல் ரயில் விடலாமே என்று யாராவது கேட்டால், மின்சாரப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு முதலில் துணை மின்நிலையம்தான் ஞாபகம் வரும். தண்டவாளத்தில் இடம் இருக்கும், கம்பியில் இருக்காது.

கணக்கு எளிது. ஒரு ரயில் வேகமெடுக்க 3 மெகாவாட் இழுக்கிறது என்று வையுங்கள். 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் (DC) அது 2,000 ஆம்பியர். 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தில் (AC) வெறும் 120. இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், நேர்மின் தடத்தில் சில கிலோமீட்டருக்கு ஒரு துணை நிலையம் தேவை. இரண்டு ரயில்கள் ஒரே சமயம் கிளம்பினால் வோல்ட்டேஜ் இறங்கும், ரயிலே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். பயணிக்குத் தெரிவது தாமதம் மட்டும்தான்.

மும்பை புறநகர்த் தடங்கள் 1925-இல் 1,500 வோல்ட்டில் தொடங்கி, 2016-இல்தான் முழுதாக 25,000-க்கு மாறி முடித்தன. ரயில்களை நிறுத்தாமல் மாற்றியதே பெரிய வித்தை என்பேன்.

அப்புறம் பெங்களூரு மெட்ரோ ஏன் 750 வோல்ட்? தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பதால் மேலே கம்பிக்கு இடம் விட வேண்டாம், சுரங்கத்தைச் சிறிதாகத் தோண்டலாம். ஆனால் பிரேக் போடும்போது கிடைக்கும் மின்சாரத்தை வாங்க, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும் சாதாரண டையோடு துணை நிலையங்களில், பக்கத்தில் இன்னொரு ரயில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் வெப்பமாகிப் போகும். எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.