டோல்கேட் சந்தையும் மாடி முள் கத்தரியும்

2024 ஜூலை 21, ஞாயிறு

ஆடி பிறந்ததுமே எங்கள் வேலூர் டோல்கேட் உழவர் சந்தையில் விதை, நாற்றுப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சீக்கிரமாகவே போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு போனால் கீரை வதங்கியிருக்கும், நல்ல அவரை தீர்ந்திருக்கும். விலைப்பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அன்றைய மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூட, வெளிக்கடை விலையைவிடக் கொஞ்சம் குறைவு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நியாயமான ஏற்பாடு.

அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் ஆயா முன்னால் முள் கத்தரி குவிந்திருந்தது. நம் இலவம்பாடிக் கத்தரிதான், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பளபளவென்று ஊதா நிறம், காம்பிலும் தொப்பியிலும் முள். "காம்பைப் புடிச்சுப் பாரு கண்ணு, முள்ளு சுருக்குனு குத்தணும். அதான் இன்னைக்குப் பறிச்ச காய்" என்றார். மாடியில் வைக்க விதை வேண்டும் என்றேன். செடியிலேயே பழுக்க விட்டது ஒன்று அடுத்த வாரம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 28, ஞாயிறு

சொன்னபடி கொண்டுவந்துவிட்டார். ஊதா போய் மஞ்சளும் பழுப்புமாகத் தோல் தடித்த பழம். காசு வாங்கவே இல்லை.

வீட்டில் அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பழத்தை அறுத்துத் தண்ணீரில் பிசைந்ததும் சதையும் சொத்தை விதையும் மிதந்தன. அடியில் தங்கிய விதைதான் முளைக்கும். அதை வடிகட்டி, சாம்பலில் புரட்டி, நிழலில் காயவைத்திருக்கிறோம். ஒரே பழத்தில் தெருவுக்கே கொடுக்கிற அளவு விதை!

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. பாலாற்றில் தண்ணீர் இல்லாவிட்டாலும் விதைக்க நல்ல நாள். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து தட்டில் தூவினேன். அரைக்கீரையும் சிறுகீரையும் ஓரமாக ஒரு தொட்டியில்.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேற்று விநாயகர் சதுர்த்தி, இன்று நடவு. நாற்று ஒரு சாண் வளர்ந்துவிட்டது. செடி வளர்க்கும் பை ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று, அடியில் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. கீரை ஏற்கெனவே கடைந்து சாப்பிட்டாயிற்று.

அக்டோபர் 10, வியாழன்

ஊதாப் பூ விட்டிருக்கிறது. ஆனால் ஒரு செடியில் நுனிக்குருத்து மட்டும் தலை தொங்கிக் கிடந்தது. தண்ணீர்க் குறை என்றால் செடி முழுக்க வாடும். இது குருத்துப்புழு. வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளித் தண்டைப் பிளந்தேன். உள்ளே வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு புழு, அதைச் சுற்றிலும் ஈரமான எச்சம். இதே புழுதான் அப்புறம் காய்க்குள்ளும் போகும். வாடிய குருத்தையெல்லாம் அன்றன்றைக்குக் கிள்ளி அழித்துவிட வேண்டும். மாலையில் வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தேன்.

என் சின்ன மாடிக்கே இவ்வளவு பார்க்க வேண்டியிருக்கிறது. ஆயாவின் கழனியில் எத்தனை குருத்தைக் குனிந்து கிள்ளியிருப்பார்கள்! சந்தையில் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறை என்று கேட்பவர்களைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. பலகையில் எழுதிய விலையைக் கொடுத்துவிட்டுப் போகலாமே.

நவம்பர் 14, வியாழன்

முதல் உழவர் சந்தை மதுரையில் 1999-ல் இதே நாளில்தான் திறந்தார்கள். 25 வருஷம் ஆகிவிட்டது. அடையாள அட்டை இருக்கிற விவசாயி தராசுக்கும் இடத்துக்கும் வாடகை தராமல் நேரே உட்கார்ந்து விற்கலாம். விளைவித்தவரையே முகம் பார்த்துக் கேட்டு வாங்குகிற வசதி எனக்கு வேறெங்கே கிடைக்கும்?

முதல் பறிப்பும் இன்றுதான். விரலில் சுருக்கென்று குத்தியது. எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தேன். வெண்ணெயாகக் குழைந்தது, விதை நாக்கில் தட்டவே இல்லை. அத்தை ரெண்டாம் தடவை சோறு போடச் சொன்னார்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. இங்கேயும் மழை விடவில்லை. பைகளைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, அடித்துளைகளைக் குச்சியால் குத்திவிட்டேன். கத்தரி வேர் தண்ணீரில் நின்றால் தாங்காது. சந்தைக்குப் போகவில்லை. ஆயா கழனி என்ன ஆச்சோ.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆயா வந்திருந்தார், சின்னக் கூடையோடு. பள்ளத்துக் கழனியில் தண்ணீர் நின்று செடிகள் வாடிவிட்டனவாம். மேட்டில் இருப்பது தப்பித்தது. "மேட்டுல இருக்குறது போதும், பொங்கலுக்குக் காய் வரும்" என்றார். கூடையில் இருந்ததில் பாதியை நானே வாங்கிக்கொண்டேன். எங்கள் மாடியில் காய் இருக்கிறது, ஆனாலும் வாங்கத் தோன்றியது.

2025 ஜனவரி 12, ஞாயிறு

பொங்கல் கூட்டம். கரும்பு, மஞ்சள்கொத்து, மொச்சை, அவரை, சர்க்கரைவள்ளி என்று நடக்க இடமில்லை. பொங்கல் குழம்புக்கு இத்தனை காய் வேண்டும் என்றால் மாடித் தோட்டம் போதாது. மொச்சையும் பூசணியும் வாங்கினேன். ஆயா கூடை நிறைய முள் கத்தரி கொண்டுவந்திருந்தார், சொன்னபடியே.

எங்கள் செடியில் ஒரு காயைப் பழுக்க விட்டிருக்கிறேன், பக்கத்து வீட்டு அக்கா விதை கேட்டிருக்கிறார். தைப் பட்டத்துக்கு என்ன போடலாம் என்று ஆயாவைக் கேட்டேன். வேலூர் வெயிலுக்கு வெண்டையும் கொத்தவரையும்தான் தாங்கும் என்கிறார். வெண்டை விதை ஒரு பொட்டலம் வாங்கியாயிற்று. கொத்தவரை விதையை அடுத்த ஞாயிறு அவரே கொண்டுவருகிறார்.